தயிர் யாருக்குச் சொந்தம்?

சட்டம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வீட்டில் எருமைத் தயிர் உறையவைத்து விற்கிறோம். 'நல்ல தயிர்' என்பதை ஆங்கில எழுத்தில் எழுதி ஒரு டொட் கொம் டொமைன் வாங்கி, அதில்தான் ஓடர் எடுக்கிறோம். இப்போது கொழும்புக் கம்பனி ஒன்றின் சட்டத்தரணியிடமிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்திருக்கிறது. அது அவர்கள் பதிவு செய்த வர்த்தகக் குறியாம், 14 நாளில் டொமைனை எழுதித் தராவிட்டால் வழக்காம். கடிதத்தையும் எங்கள் பக்கத்தின் படத்தையும் இணைத்திருக்கிறேன். கொடுத்துவிடவா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அவசரப்பட்டு ஒன்றையும் கொடுத்துவிடாதீர்கள், தங்கச்சி. 14 நாள் என்பது அந்தச் சட்டத்தரணி போட்ட கெடு, நீதிமன்றம் போட்டதல்ல. அதற்காகக் கடிதத்தை மூலையில் போட்டுவிடவும் வேண்டாம். பதில் எழுதத்தான் வேண்டும்.

அவர்கள் இணைத்திருக்கும் பதிவுச் சான்றிதழின் பிரதியைப் பாருங்கள். பதிவானது வெறும் 'நல்ல தயிர்' அல்ல. நீலப் பட்டை, மாட்டுத் தலை, சாய்ந்த எழுத்து எல்லாம் சேர்ந்த ஒரு படம், 29ஆம் வகுப்பில். பால் பண்டங்கள் வரும் வகுப்பு அது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பொருளின் வகையையோ தரத்தையோ மட்டும் சொல்லும் சொல்லைத் தனிக் குறியாகப் பதிய முடியாது. தயிர் என்பது வகை, நல்ல என்பது தரம். குறியைப் பதிந்து வைத்திருப்பவர்கூட, இன்னொருவர் தன் பொருளின் வகையையும் தரத்தையும் ஊரையும் நேர்மையாகச் சொல்வதைத் தடுக்க முடியாது என்று அதே சட்டம் சொல்கிறது. இல்லாவிட்டால் ரோட்டோரம் சட்டி அடுக்கி விற்கிறவர்கள் எல்லோரும் நாளைக்கே பலகையைக் கழற்ற வேண்டியதுதான்.

சாதாரணச் சொல்லை யாருமே பதிய முடியாது என்று இதற்கு அர்த்தமில்லை. 'எலிபன்ட் ஹவுஸ்' சோடாவைக் குடிக்காதவர் நம்மில் யார்? அம்பாறைப் பக்கம் வயலுக்குள் இறங்கும் யானைக்கும் அந்தப் போத்தலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதனால்தான் அது வலுவான குறி. 'எலிபன்ட்' என்ற அதே சொல்லை யானை பார்க்கக் கூட்டிப்போகும் ஜீப்காரர் தன் பலகையில் எழுதினால் யாரும் கேட்க முடியாது.

டொட் கொம் என்பதால் இன்னொரு வழியும் அவர்களுக்கு உண்டு. டொமைன் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் என்ற அமைப்பு 1999இல் கொண்டுவந்த, டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் யூடிஆர்பி என்ற விதிமுறையின் கீழ், ஜெனீவாவில் உள்ள உலகப் புலமைச் சொத்து அமைப்பிடம் முறையிடலாம். ஒரே நடுவர் முன் போவதற்குக் கட்டணம் 1,500 டொலர். கட்ட வேண்டியது அவர்கள், நீங்கள் அல்ல. அங்கே அவர்கள் மூன்றையும் காட்டியாக வேண்டும்: டொமைன் தங்கள் குறியோடு குழம்பும் அளவுக்கு ஒத்திருக்கிறது, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, நீங்கள் கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துகிறீர்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் முறைப்பாடு விழுந்துவிடும். முறைப்பாடு வந்தால் பதிலளிக்க 20 நாள் உண்டு. அகராதிச் சொல்லை வாங்கிச் சும்மா போட்டிருப்பவர் அங்கே தடுமாறுவார். நீங்கள் தயிர் என்ற பெயரில் தயிரையே விற்கிறீர்கள். அதைவிட நல்ல பதில் இல்லை. முதல் ஓடரின் பற்றுச்சீட்டு, டொமைன் வாங்கிய மின்னஞ்சல், சட்டி வாங்கிய பில் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு வையுங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தில் ஒன்று என் கண்ணை உறுத்துகிறது. சட்டியின் வாயை மூடிக் கட்டிய தாளில் நீலப் பட்டை, அதன் நடுவே வெள்ளையில் சாய்ந்த எழுத்து. இது எங்கிருந்து வந்தது? அச்சகக்காரத் தம்பி கொடுத்த மாதிரியா? பெயரில் உங்களை அசைக்க முடியாது, இந்தத் தாளில் அசைக்கலாம். வாங்குகிறவர் இதை அந்தக் கம்பனித் தயிர் என்று நினைத்தால் அது நேர்மையற்ற போட்டி. இந்தக் கிழமையே நிறத்தை மாற்றுங்கள். அப்புறம் பதில் எழுதுங்கள்.

கேள்வி: பொதுச் சொல்லைப் பதிய முடியாது என்று முன்பும் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் இணையத்தில் ஹோட்டல் அறை பதியும் புக்கிங் டொட் கொம் தன் பெயரை எப்படிக் குறியாகப் பதிந்தது? நான் அறைகள் வாடகைக்கு விடுகிறவன், அதனால் கேட்கிறேன்.
வாசகர், அறுகம்பே

பதில்: அது அமெரிக்காவில் நடந்தது. அங்குள்ள பதிவு அலுவலகம், புக்கிங் பொதுச் சொல், வாலில் டொட் கொம் ஒட்டினாலும் பொதுச் சொல்தான் என்று மறுத்தது. 2020 ஜூன் 30இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் அதை மாற்றியது. தீர்ப்பை எழுதியவர் நீதியரசர் கின்ஸ்பர்க். முழுப் பெயரையும் கேட்கும் மக்கள் அதை ஒரு சேவை வகையாக நினைக்கிறார்களா, ஒரு குறிப்பிட்ட நிறுவனமாக நினைக்கிறார்களா என்பதுதான் கேள்வி என்றார். கம்பனி காட்டிய கருத்துக் கணிப்பில் 74.8 வீதமானவர்கள் அதை ஒரு நிறுவனத்தின் பெயராகவே கண்டார்கள்.

எனக்கென்னவோ மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதியரசர் பிரேயர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஒரு டொமைன் ஒருவரிடம்தான் இருக்க முடியும். அந்த அனுகூலமே பெரிது, அதற்கு மேலே குறி வேறு எதற்கு? ஆனாலும் உங்களுக்குப் பயமில்லை. தங்கள் குறி பலவீனமானது, புக்கிங் என்ற சொல்லை மற்றவர்கள் சாதாரணமாகப் பயன்படுத்துவதைத் தடுக்காது என்று கம்பனியே அந்த நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. கொழும்பு நீதிமன்றத்தை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தாது.

கேள்வி: சாரம் நெய்து விற்கிறோம். கடைப் பெயரில் டொமைன் வாங்கிவிட்டேன். பெயர் இனி எனக்குத்தானே?
வாசகர், மருதமுனை

பதில்: இல்லை, தம்பி. டொமைன் நீங்கள் வருடாவருடம் காசு கட்டி வைத்திருக்கும் முகவரி. குறி வேண்டுமென்றால் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சாரம் உடுப்பு என்பதால் 25ஆம் வகுப்பு, துணியாகவும் விற்றால் 24. பதிவு 10 வருடத்துக்கு, பிறகு புதுப்பிக்கலாம். 'மருதமுனைச் சாரம்' என்று போகாதீர்கள், அது ஊர் முழுவதற்கும் பொது. சாரத்தோடு சம்பந்தமே இல்லாத சொல்லாகப் பாருங்கள். 'வாவி' என்றால் நான் சந்தோஷமாக விண்ணப்பம் எழுதுவேன், வேறு யாரும் அதே வகுப்பில் பதிந்திருக்காவிட்டால்.

கேள்வி: பெரிய கம்பனிகளின் பெயர்களில் டொமைன் வாங்கி அவர்களுக்கே விற்கலாமா?
மாணவர், வாழைச்சேனை

பதில்: வேண்டாம். கெட்ட எண்ணத்துக்கு யூடிஆர்பி முதல் உதாரணமாகச் சொல்வதே இதைத்தான். டொமைனும் போகும், கட்டிய காசும் போகும்.