சம்பா அறுப்பு முடிந்து நாலு மாதம் வெளிநாடு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சம்பா அறுப்பு முடிந்ததும் கிளம்பி, ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பதற்குள் திரும்பிவிட வேண்டும். நானும் மனைவியும் முதுகுப்பையோடு மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் போகிறோம். பணம், போன், பாஸ்போர்ட் எல்லாம் நானே வைத்துக்கொள்வதாக முடிவு. சரிதானே?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கிளம்பும் காலம் சரி. அந்த முடிவைத்தான் மாற்ற வேண்டும். எல்லாம் ஒரே பையில் இருந்து, அந்தப் பை பஸ்ஸில் தவறினால் இரண்டு பேரும் கைக்காசு இல்லாமல் நிற்பீர்கள். ஒருவர் இல்லாமலே மற்றவர் அறை எடுக்கவும், டிக்கெட் போடவும், ஊர் திரும்பவும் முடிய வேண்டும். அதற்கேற்பப் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஆளுக்கொரு கார்டு, அதுவும் வேறு வேறு வங்கியில். ஒரே வங்கியின் இரண்டு கார்டு என்றால், அந்த வங்கியின் ஆப் முடங்கும் நாளில் இரண்டுமே பயன்படாது. புது கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு அணைத்தே வரும். 2020 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அப்படி. ஊரிலேயே ஆப்பில் திறந்துவிடுங்கள். ஓ.டி.பி. வங்கியில் பதிந்த எண்ணுக்குத்தான் வரும் என்பதால், இரண்டு சிம்மிலும் ரோமிங்கை இங்கேயே திறந்து, திரும்பும் தேதி தாண்டி ரீசார்ஜ் செய்துவிட்டுப் போங்கள். இன்டர்நெட்டுக்கு அந்த நாட்டு சிம் வாங்கிக்கொள்ளலாம். நம்மூர் சிம்மைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

தாய்லாந்து ஏ.டி.எம்.மில் எவ்வளவு எடுத்தாலும் ஒரு தடவைக்கு 220 பாட்-க்குக் (அந்த நாட்டுப் பணம்) குறையாமல் பிடிப்பார்கள். அதனால் சில்லறை சில்லறையாக எடுக்காமல் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரே தடவையாக எடுங்கள். ‘ரூபாயில் கணக்கிடவா?’ என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால் அந்த ஊர் வங்கி தன் இஷ்டத்துக்கு வைத்த விகிதத்தில் கழியும்.

பாஸ்போர்ட் அவரவரிடம் இருக்கட்டும், நகல் மட்டும் மற்றவரிடம். தொலைந்தால் முதலில் அந்த ஊர் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம். அங்கே கிடைக்கும் அவசரச் சான்றிதழ் ஊர் திரும்ப மட்டுமே. அதை வைத்து அடுத்த நாட்டுக்குப் போக முடியாது.

வழித்தடத்திலும் ஒரு மாற்றம் செய்யுங்கள். மாசி, பங்குனியில் சியாங் மாய் பக்கம் காட்டிலும் வயலிலும் தீ வைப்பதால் புகை மண்டிக் கிடக்கும். ஆஸ்துமா இருப்பவர் வடக்குத் தாய்லாந்தை அப்போது தவிர்க்க வேண்டும். வியட்நாமின் நடுப்பகுதி, டா நாங், ஹோய் ஆன் எல்லாம் அந்த மாதங்களில் மழையில்லாமல் நன்றாக இருக்கும். நம் சித்திரை வருடப் பிறப்பை ஒட்டி ஏப்ரல் 13 முதல் 15 வரை தாய்லாந்திலும் புத்தாண்டு. அந்த வாரம் பஸ், ரயில் எதிலும் கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது.

வியட்நாம் இ-விசா 90 நாள் வரை தருகிறார்கள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறைக்கு 50. இடையில் கம்போடியா போய் மறுபடி வருவதென்றால் இரண்டாவதை எடுங்கள். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும் திருச்சி விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் போடும் முன்பும், கிளம்பும் வாரத்திலும் அந்தந்த நாட்டு அரசுத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப் பெயர் இடம் காலி. இன்ஷியலும் இல்லை. சிக்கல் வருமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: வரும், சகோதரி. டிக்கெட் படிவம் இரண்டு பெயர் கேட்கும். சில விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடச் சொல்கின்றன, சில வேறு முறை வைத்திருக்கின்றன, கேட்காமல் போடாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நாலைந்து நாடு சுற்றும் எண்ணம் இருந்தால், அப்பா பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயராகச் சேர்த்து மறுவழங்கல் வாங்கிவிடுவதே நல்லது. 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், 60 பக்கத்துக்கு 2,000. 60 பக்கமே கேளுங்கள். விசாவும் டிக்கெட்டும் புது புத்தகம் கைக்கு வந்த பிறகுதான்.

கேள்வி: சாப்பாட்டுக்குப் பொடி வகைகள் கொண்டுபோகலாமா? கைப்பையில் 7 கிலோதான் என்கிறார்களே!
– வாசகி, திருவாரூர்

பதில்: தாராளமாக. பருப்புப் பொடி, இட்லிப் பொடி ஆளுக்குக் கால் கிலோ போதும். கொப்பரை சேர்க்காமல் அரையுங்கள். வெயிலில் அதுதான் முதலில் சிக்கு வாடை அடிக்கும். வறுத்து நன்றாக ஆறவிட்டு அரைக்காவிட்டால் கவருக்குள் வேர்த்துக் கட்டி தட்டும். எண்ணெயில் குழைத்து எடுத்துப் போனால் அது திரவக் கணக்கு. ஊறுகாயும் அப்படித்தான், 100 மில்லிக்கு மேல் கைப்பையில் விடமாட்டார்கள்.

கசகசா மட்டும் வேண்டவே வேண்டாம். சிங்கப்பூரிலும் துபாயிலும் அது போதைப்பொருள் சட்டத்தில் வரும். வீட்டில் அரைத்த குருமா மசாலாவில் அது கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்குப் பெட்டியில் கூடாது. 100 வாட் ஹவர் வரை சிக்கலில்லை; 20,000 எம்.ஏ.எச். என்றால் 3.7 வோல்ட் கணக்கில் 74 வருகிறது. மேலே அச்சிட்ட எண் அழிந்திருந்தால் பிடுங்கிவிடுவார்கள்.

கேள்வி: அங்கே ஸ்கூட்டர் வாடகைக்கு எடுக்கலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: தாய்லாந்தில் எடுக்கலாம். ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் லைசென்ஸில் இருசக்கர வாகனம் இருக்க வேண்டும். வியட்நாமில் வேண்டாம். இந்தியா தருவது 1949-ன் சர்வதேச சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின்படியான அனுமதி, வியட்நாம் ஏற்பது 1968 உடன்படிக்கையினுடையது. கடைக்காரர் எதையும் கேட்காமல் சாவியைக் கொடுத்துவிடுவார். விழுந்து கால் முறிந்தால் காப்பீட்டு நிறுவனம்தான் கேட்கும், செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லையென்று ஆஸ்பத்திரிச் செலவைத் தள்ளிவிடும். பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கும் அடிபடும் என்பதை நினைத்து, பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள்.

கேள்வி: நகை போட்டுக்கொண்டு போகலாமா?
– வாசகி, பாபநாசம்

பதில்: தாலியைத் தவிர மற்றதை லாக்கரில் வைத்துவிடுங்கள். கனமான சங்கிலி போட்டே தீர வேண்டுமென்றால், கிளம்பும்போதே விமான நிலைய சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது ‘அங்கே வாங்கியதா?’ என்று கேட்டால் அதைக் காட்டலாம்.