28 நாள்னு எழுதியாச்சு, எலி தாங்கலன்னா?

பார்மகாலஜில பிஎச்டி பண்ற வாசகர் கேட்டிருக்கார்: மூட்டுவாத மருந்துக்காக விஸ்டார்ங்கிற ஆய்வக எலிங்க பாதத்துல அட்ஜுவன்ட் ஊசி (மூட்டு வீக்கத்தை வரவைக்கிறது) போட்டு 28 நாள் ஸ்டடி, 21ஆம் நாளே மூணு எலி மோசம், 200 கிராம் இருந்தது 158க்கு இறங்கிடுச்சு, கைடு "இன்னும் ஒரு வாரம்தானே"ங்கிறார், விலங்கு நெறிமுறைக் கமிட்டி அப்ரூவலும் இருக்கு, நிறுத்தணும்னு தோணுறது என் பலவீனமா?

பலவீனமே இல்லங்க. முதல்ல அந்தக் கமிட்டிகிட்ட அனுமதி கேட்டு நீங்க குடுத்த விண்ணப்பம், ஃபார்ம் பி-யை எடுத்துப் பாருங்க, எந்த நிலைமை வந்தா எலியை ஸ்டடியிலேர்ந்து எடுத்துடுவோம்னு அதுல எழுதியிருப்பீங்க, நிறைய பேர் 20% எடைக் குறைவுன்னு போடுவாங்க, உங்களுக்கு 21% ஆயிடுச்சு. அப்படி எழுதியிருந்தா கமிட்டி குடுத்த அனுமதியே அந்த எலிகளுக்கு முடிஞ்சுபோச்சு. இன்னைக்கே அனிமல் ஹவுஸ் வெட்னரி டாக்டரைக் கூப்பிடுங்க, அந்த எலிகளோட உயிரை வலியில்லாம முடிக்கிறதை அவர் பாத்துப்பார்.

டேட்டா போயிடும்னு கைடு பயப்படலாம், போகாது. அதுவரைக்கும் எடுத்த பாத வீக்க அளவு கையில இருக்கு, அன்னைக்கே ரத்தமும் மூட்டுத் திசுவும் எடுத்துக்கலாம், எந்த எலியை எந்த நாள் ஏன் எடுத்தீங்கன்னு மட்டும் மறைக்காம தீசிஸ்ல எழுதிடணும்.

அரிஸ்டாட்டில் ரெண்டு பேரைப் பிரிச்சுச் சொல்வார், ஆசை இழுக்கும்போது பல்லைக் கடிச்சுட்டு நின்னுக்கிறவர் ஒருத்தர், பழகிப் பழகி அந்த இழுப்பே இல்லாம ஆனவர் இன்னொருத்தர், இவர்கிட்ட இருக்கிறதுதான் அடக்கம். லேப்ல இழுக்கிறது பெரும்பாலும் கொடூரம் இல்லங்க, இன்னும் ஒரு ரீடிங் கிடைச்சா நல்லாருக்குமேங்கிற ஆசை, ஆர்வமா வேலை செய்றவங்களுக்குத்தான் அது ஜாஸ்தி. அதனாலதான் நிறுத்துற முடிவை ஊசி போடறதுக்கு முன்னாடியே எழுதி வைக்கிறோம். அதுக்காக ரிசல்ட் நமக்குப் பிடிச்ச மாதிரி வந்ததும் பாதியில நிறுத்துறது அடக்கம் ஆகாது, எத்தனை எலிங்கிறதும் முன்னாடியே கணக்குப் போட்டு முடிவு பண்ணதா இருக்கணும்.

மீதி எலிகளுக்கு வீங்குன காலோட எழும்பி நின்னு மேல இருக்கிற தீவனத்தை எட்ட முடியாது, தண்ணில நனைச்சுக் கூண்டுத் தரையிலயே வைங்க, மெத்துனு படுக்கை போடுங்க. கண்ணு இடுங்கியிருக்கா, மூக்கோரமும் கண்ணோரமும் சிவப்புக் கறை இருக்கான்னு தினமும் பாருங்க, ரத்தம் மாதிரி தெரியும் ஆனா ரத்தம் இல்ல, கண்ணுக்குப் பின்னாடி இருக்கிற சுரப்பியிலேர்ந்து வர்றது, எலி கஷ்டத்துல இருந்தா அதிகமாகும். கைடுகிட்ட போறப்ப வெயிட் சார்ட்டும் ஃபார்ம் பி-யும் கையில இருக்கட்டும்.