வீட்டை விற்கவும் இன விகிதமா?

கேள்வி: சிங்கப்பூரில் அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டை விற்கக்கூட இன விகிதம் பார்க்கிறார்கள். மக்கள் தாமாகவே பழக மாட்டார்களா?

பதில்: பழகுவார்கள், அக்கம்பக்கத்தில் இருந்தால். சில பேட்டைகளில் ஒரே இனத்தார் குவியத் தொடங்கியதால்தான் 1989இல் இந்த விதியே வந்தது. இன்று ஒரு புளோக்கில், அதாவது ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில், சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் பிறரும் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நான் இதை ஆதரிக்கிறேன். எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு வாரம் மலாய்க் கல்யாணம், இன்னொரு வாரம் சீனர் வீட்டு இழவு. அங்கே சாமான் இறங்கினாலே என் பிள்ளைகள் சைக்கிளை ஓரமாக நகர்த்தி வைக்கிறார்கள். இழவுப் பந்தலைக் கடக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். யாரும் சொல்லித்தரவில்லை.

ஆனால் இந்த விதியால் அடிபடுவது யார் என்பதையும் பேசத்தான் வேண்டும். சீனர் விகிதம் நிரம்பிய புளோக்கில் ஒரு தமிழர் வீட்டை விற்றால், சீனர் அதை வாங்க முடியாது. மக்கள்தொகையில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அவர்கள்தான். வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்காதா? 2022 முதல், விற்க வழியின்றித் தவிப்பவரின் வீட்டைக் கழகமே வாங்கிக்கொள்ளப் பரிசீலிக்கிறது. சரி, நல்லதுதான். ஆனால் குறைந்த விலைக்கு விற்றுவிட்டுப் போனவருக்கு? அந்த வித்தியாசத்தை அரசுதான் ஈடுகட்ட வேண்டும்.