பின்பக்கத்துப் பாட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சிமடத்திலிருந்து எழுதுகிறேன். என் மாமா மகனுக்கும் எனக்கும் பேசி முடித்திருந்த கல்யாணம் தை மாதம் நின்றுபோனது. ஏன் நின்றது என்று இங்கே எல்லாருக்கும் ஒரு கதை தெரியும், அது அவர்கள் வீட்டில் சொன்ன கதை. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நேர்மையான பாட்டுகள் என்று நீங்கள் முன்பு எழுதியதைப் பார்த்து ஃப்ளீட்வுட் மேக் என்கிற ராக் இசைக்குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தைத் தேடி எடுத்தேன். ராமநாதபுரத்துக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் தினமும் அதுதான் ஓடுகிறது, பாம்பன் பாலம் ஏறும்போது சரியாக நாலாவது பாட்டு வரும். வீட்டில் போட்டால் "விளக்கு வைக்கிற நேரத்தில் என்னடி ஒப்பாரி" என்கிறார் அம்மா. பாதிதான் புரிகிறது. பிரிந்துபோனவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிய பாட்டுகள் என்று படித்தேன். அப்படியென்றால் எப்படி ஒன்றாக நின்று பாடினார்கள்? சண்டையைக் காசாக்கியதைப் போய் நேர்மை என்கிறீர்களே? இப்போது மீன்பிடித் தடைக்காலம். 61 நாளும் அவர் போட் எங்கள் அப்பா போட்டுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அதனால்தான் கேட்கிறேன்.

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தங்கைக்கு,

காசு வந்தது, அதை மறைப்பானேன். 1977 பிப்ரவரியில் வந்த ஆல்பம், இதுவரை நாலு கோடிக்கு மேல் விற்றிருக்கிறது, மறுவருஷம் கிராமி விருதும் கிடைத்தது. ஆனால் 1976-ல் கலிஃபோர்னியாவில் சாசலிட்டோ என்கிற ஊரில் ஒரு ஸ்டுடியோவுக்குள் அடைந்து கிடந்தபோது அது இப்படி ஓடும் என்று யாருக்குத் தெரியும்? ஐந்து பேர். கிடார் வாசித்த லிண்ட்ஸி பக்கிங்ஹாமும் பாடகி ஸ்டீவி நிக்ஸும் பல வருஷக் காதலை முறித்துக்கொண்டிருந்தார்கள். பேஸ் கிடார் ஜான் மெக்வீயும் கீபோர்ட் கிறிஸ்டீன் மெக்வீயும் புருஷன் பெண்டாட்டி, அவர்களும் பிரிந்துவிட்டார்கள். டிரம்ஸ் அடித்த மிக் ஃப்ளீட்வுட் வீட்டிலும் நிலவரம் சரியில்லை. போதைப்பொருளும் தாராளமாகப் புழங்கியது (அதனால்தான் பாட்டு இப்படி வந்தது என்பவர்களை நம்பாதீர்கள்). ஆளாளுக்கு அடுத்தவரைப் பற்றியே எழுதுகிறோமே என்று 'ரூமர்ஸ்', அதாவது 'வதந்திகள்' என்று பெயர் வைக்கச் சொன்னவர் ஜான்.

எப்படி ஒன்றாக நின்றார்கள் என்று யோசித்தால் எனக்குக் கரைவலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. எங்கள் ஊர் ஏர்வாடிப் பக்கம். தோணியில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு கூட்டம் இழுக்கும், இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி வரும். என் சித்தப்பாவும் மாமாவும் ஒரு பங்குத் தகராறில் ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் ஒரே வலை. வலை இழுக்கும்போது பாடுகிற அம்பா பாட்டை எடுத்துக் கொடுப்பது சித்தப்பா. நடுவில் பேர் சொல்லாமல் மாமாவைக் குத்துகிற மாதிரி ஒரு அடி வரும், யாரைச் சொல்கிறார் என்று கரையில் நிற்கிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். மாமா கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு 'ஏலேலோ' சொல்வார். மற்றவர்கள் சொல்லி முடிக்கும்போதுதான் அவர் தொடங்குவார், அவ்வளவுதான் அவர் காட்டுகிற கோபம். சொல்லாமல் விட்டால் இழுப்பு குலைந்துபோகும், வலை மடியில் கிடக்கிற மீன் அவர் பிள்ளைகளுக்கும் கிடைக்காது.

லிண்ட்ஸியின் 'கோ யுவர் ஓன் வே'யில் ஸ்டீவியைப் பற்றி ஒரு வரி வருகிறது. அது பொய், எடுத்துவிடு என்று ஸ்டீவி கேட்டார். எடுக்கவில்லை. அதே பாட்டுக்குப் பின்னணிக் குரல் கொடுத்திருப்பவர்களில் ஸ்டீவியும் ஒருவர். இன்னொரு தடவை கேட்டால் அந்தக் குரல் வேறு மாதிரிக் கேட்கும்.

உங்கள் பாலத்துப் பாட்டுக்கு வருகிறேன். நாலாவது என்றால் அது 'டோன்ட் ஸ்டாப்'. போனதை விடு, நாளையைப் பார் என்று ஜானை மனதில் வைத்துக் கிறிஸ்டீன் எழுதியது. அதில் பேஸ் வாசித்திருப்பவரும் ஜானேதான். இது என்னைப் பற்றிய பாட்டு என்று யாரோ சொல்லித்தான் எனக்கே தெரிந்தது, அதுவரை வருஷக்கணக்காக வாசித்துக்கொண்டிருந்தேன் என்று பின்னாளில் ஒரு பேட்டியில் சொன்னார், பாவம். இன்னொன்றும் உண்டு. கிறிஸ்டீன் தன் புதுக் காதலரைப் பற்றி எழுதிய பாட்டை, இது என் நாயைப் பற்றியது என்று ஜானிடம் சொல்லிச் சமாளித்திருக்கிறார், அதற்கும் வாசித்தது அதே ஜான். எனக்கு இந்த ஆல்பத்தில் நம்பிக்கை தெரிகிற இடம் அந்தப் பேஸ் கிடார்தான். நாளை நன்றாக இருக்கும் என்று யார் வேண்டுமானாலும் பாடிவிடலாம், விட்டுப்போன பெண்ணின் பாட்டு தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வது லேசில்லை.

சரி, நேர்மை. பாதி நேர்மை என்று இப்போது மாற்றிச் சொல்கிறேன், உங்கள் கடிதத்தைப் படித்தபிறகு. ஸ்டீவி தன் பக்கத்தைச் சொல்லி ஒரு பாட்டு எழுதியிருந்தார், 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. நீளம் அதிகம், இசைத்தட்டில் இடமில்லை என்று ஆல்பத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். அந்தச் சேதியை ஸ்டுடியோவுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் வைத்து அவரிடம் சொன்னார்களாம். அப்புறம் அந்தப் பாட்டை எங்கே போட்டார்கள் தெரியுமா? தனி இசைத்தட்டாக 'கோ யுவர் ஓன் வே' வந்தபோது அதன் பின்பக்கத்தில். முன்பக்கம் லிண்ட்ஸி வைத்த குற்றச்சாட்டு, திருப்பிப் போட்டால் ஸ்டீவியின் பதில். வானொலிக்காரர்கள் முன்பக்கத்தைத்தான் போடுவார்கள், உங்கள் தெருவும் அப்படித்தான் என்று தெரிகிறது.

1997-ல் ஐந்து பேரும் மறுபடி சேர்ந்து 'தி டான்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். அதில் ஸ்டீவி இந்தப் பாட்டைப் பாடுகிறார். கடைசிப் பகுதியில் லிண்ட்ஸி பக்கம் திரும்பி, கண்ணை எடுக்காமல் பாடுவார். அவரும் கிடாரை நிறுத்தாமல், இவரைப் பார்த்துக்கொண்டே கூடச் சேர்ந்து பாடுவார். இருபது வருஷம் தள்ளி ஒரு ஏலேலோ. வீடியோ கிடைக்கிறது, பஸ்ஸில் வேண்டாம், மொட்டை மாடியில் உட்கார்ந்து பாருங்கள்.

போட் விஷயத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஜூன் பாதி வரை அது அங்கேதான் நிற்கும். உங்கள் பக்கத்துக் கதையை எழுதி வைக்கலாம், யாருக்கும் காட்டவேண்டியதில்லை. என்னிடம் சொல்ல வேண்டும் என்றால் தனி மடலில் எழுதுங்கள், இங்கே வெளியிட மாட்டேன்.

அம்மாவுக்கு ஆறாவது பாட்டைப் போட்டுக் காட்டுங்கள், 'சாங்பேர்ட்'. ஆள் இல்லாத ஒரு பெரிய அரங்கத்தில் பியானோ முன்னால் உட்கார்ந்து கிறிஸ்டீன் பாடியது, டிரம்ஸ் கிடையாது. விளக்கு வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துப் போடுங்கள்.

அன்புடன்,
அண்ணன்