ஊதும் சோதனை ஒன்றுபோலவே இருக்கும்போது, கேள்வித்தாள் எதற்கு?

பெரம்பூரில் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் சுருங்கி மூச்சு வாங்கும் நாள்பட்ட நுரையீரல் நோய். ஸ்பைரோமெட்ரி எனும் ஊதும் சோதனையின் முடிவு மாறவேயில்லை, ஆனாலும் டாக்டர் ஒவ்வொரு முறையும் கேள்வித்தாள் தருகிறார், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஊதும் சோதனை நுரையீரலைத்தான் அளக்கும், அவர் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிக்கிறார் என்பதை அளக்காது. ஒரே அளவு ஊதுகிற இருவரில் ஒருவர் மார்க்கெட்டுக்குப் போய் வருவார், இன்னொருவர் குளித்து முடிப்பதற்குள் களைத்துவிடுவார்.

கையில் கொடுத்தது சிஏடி, அதாவது சிஓபிடி பாதிப்பை மதிப்பிடும் தாளாக இருக்கும். எட்டுக் கேள்விகள், இருமல், சளி, தூக்கம், வெளியே போகும் தைரியம் என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 40, கூடினால் பாதிப்பு அதிகம். 10-ஐத் தொட்டாலே கவனிக்க வேண்டிய அளவு. 2 புள்ளி குறைந்தால்கூட நோயாளிக்கு வித்தியாசம் தெரியும். ஆராய்ச்சிகளில் செயின்ட் ஜார்ஜ் கேள்வித்தாள் என்று நீளமான ஒன்று உண்டு, அது 100-க்கு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்ற கேள்விக்கு நம் வீட்டுப் பெரியவர்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று 0 போடுவார்கள். படி ஏறுவதையே நிறுத்தி மாதக்கணக்காகியிருக்கும்! மொட்டை மாடிக்குக் கடைசியாக எப்போது போனார் என்று கேளுங்கள். ஆனால் எண்ணை அவரே போடட்டும், நீங்கள் நிரப்பாதீர்கள். அப்புறம், போகிப் புகையிலோ சளிக்காய்ச்சலிலோ நிரப்பினால் அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பழைய தாள்களையும் எடுத்துப் போங்கள். இன்ஹேலர் மாற்றியது பலன் தந்ததா என்பது அவற்றை ஒப்பிட்டால்தான் தெரியும்.