வெறும் பிளேட் போதாதா?

கேள்வி: அப்பாவுக்கு 64 வயது. சில வருடங்களுக்கு முன் கன்னப் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் ரேடியேஷனும் ஆனது. போன வருடம் ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினோம். குழி ஆறவே இல்லை. இப்போது எலும்பு வெளியே தெரிகிறது. தாடைக்குக் கீழே தோலில் ஓட்டை விழுந்து சீழ் வடிகிறது, எலும்பும் முறிந்திருக்கிறது. காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார்கள். எலும்பைத் தாங்கிப் பிடிக்கும் உலோக பிளேட் மட்டும் வைத்தால் போதாதா?
- வாசகி, திருச்சி

பதில்: போதாதும்மா. கதிர்வீச்சு எலும்புக்குள் ஓடும் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கி அடைத்துவிடுகிறது. ரத்தம் கிடைக்காத எலும்பு ஆறாமல் செத்துப்போகிறது. 60 கிரேக்கு (கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் வாங்கிய கீழ்த்தாடைக்கு இந்த ஆபத்து அதிகம். அந்த இடத்தில் பிளேட் மட்டும் இருந்தால், மெலிந்துபோன தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். இடுப்பெலும்பைத் துண்டாக வெட்டி வைத்தாலும் அதற்கு ரத்தம் கொடுக்கச் சுற்றிலும் ஆரோக்கியமான சதை இல்லை. அதனால்தான் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் இருக்கும் மெல்லிய ஃபிபுலா எலும்பை அதன் தமனி, சிரை, மேலே உள்ள தோலோடு சேர்த்து எடுத்துக் கழுத்து ரத்தக்குழாயில் இணைக்கிறார்கள். மாத்திரையால் சமாளிக்கும் கட்டத்தை முறிவும் சீழ்வழியும் தாண்டிவிட்டன.

முதலில் பயாப்சி (சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது) செய்து, புற்று திரும்பவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். காலின் ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராம் ஸ்கேனும் அவசியம், சிலருக்குப் பாதத்துக்கு ரத்தம் போவதே பெரும்பாலும் ஃபிபுலாவின் தமனி வழியாகத்தான், அவர்களிடம் அதை எடுக்க முடியாது.

ஆபரேஷனில் செத்த எலும்பை, வெட்டிய ஓரத்தில் ரத்தம் கசியும் வரை வெட்ட வேண்டும். இங்கே கஞ்சத்தனம் காட்டினால் அதே நோய் பிளேட்டின் ஓரத்தில் மறுபடி தொடங்கும். கணுக்கால் பக்கம் 6 முதல் 8 செ.மீ. ஃபிபுலாவை விட்டுவைப்பார்கள், மூட்டு தளர்ந்து ஆடாமல் இருக்க. கால் கட்டைவிரலை மடக்கும் பலம் கொஞ்சம் குறையலாம். நடை பெரும்பாலும் திரும்பிவிடும்.

உங்கள் அப்பாவுக்குப் பெரிய சவால் கழுத்துதான். ஏற்கெனவே கத்தியும் கதிரும் பட்ட கழுத்தில் நல்ல ரத்தக்குழாய் கிடைப்பது கஷ்டம்; எதிர்ப்பக்கக் கழுத்துக்குப் போக வேண்டி வரலாம். இதை சர்ஜனிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

முதல் 3 நாள் உயிரான நேரம். காலிலிருந்து எடுத்து வைத்து வாய்க்குள் தெரியும் தோல் நீலமாகி வீங்கினால் சிரை அடைப்பு. வெளுத்துக் குளிர்ந்தால் தமனி அடைப்பு. நர்ஸ் அடிக்கடி வந்து பார்ப்பது இதற்காகத்தான். உடனே தியேட்டருக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் காப்பாற்றலாம். புகையிலையை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும்.

கதிர்வீச்சு பட்ட பகுதியில் மிச்சமிருக்கும் பற்களையும் கவனியுங்கள். இனி எந்தப் பல்லைத் தொடும் முன்பும் ரேடியேஷன் ரிப்போர்ட்டைப் பல் டாக்டரிடம் காட்டி, பிடுங்காமல் வேர் சிகிச்சையில் காப்பாற்ற முடியுமா என்று கேளுங்கள்.