சின்ன நாய்க்குக் கருத்தடை ஆபரேஷன்: எங்கே செய்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு பெண் பொமரேனியன் இருக்கிறாள். ஆறு மாதம் ஆகிறது, எடை மூன்றரை கிலோதான். கருத்தடை செய்துவிடலாம் என்று மூன்று இடங்களில் விசாரித்தோம். பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றில் சொன்ன தொகை எங்களால் தாங்க முடியாதது. விலங்குநல அமைப்பு நடத்தும் மையத்தில் அதில் கால்வாசிதான் கேட்கிறார்கள். வழக்கமாகத் தடுப்பூசி போடும் டாக்டர் இரண்டுக்கும் நடுவில் ஒரு தொகை சொன்னார். "காசு குறைவு என்றால் எங்கேயோ கை வைத்திருப்பார்கள்" என்கிறார் என் கணவர். எனக்கோ, இவ்வளவு சின்ன உடம்பு மயக்க மருந்தைத் தாங்குமா என்றே பயமாக இருக்கிறது. எதை வைத்து முடிவெடுப்பது?

பதில்: இரண்டு பயமும் நியாயமானவைதான். ஆனால் பில் தொகையைப் பார்த்து பாதுகாப்பைக் கணக்கிட முடியாது. அமைப்புகள் நடத்தும் மையங்களில் கட்டணம் குறைவாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம், செலவில் ஒரு பகுதியை நன்கொடையோ மானியமோ ஏற்றுக்கொள்வதுதான். அதோடு, தினமும் இதே ஆபரேஷனைச் செய்கிற டாக்டரின் கை பழகியிருக்கும், வேலை சீக்கிரம் முடியும், நாய் மயக்கத்தில் இருக்கும் நேரமும் குறையும். அமெரிக்காவில் இப்படி ஒரு மையத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான நாய்கள், பூனைகளுக்குச் செய்த கருத்தடைகளைக் கணக்கெடுத்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. மொத்தத்தில் 10,000-க்குச் சுமார் 3 இறப்புகள், நாய்களை மட்டும் பார்த்தால் அதைவிடக் குறைவு. ஒழுங்காக நடக்கும் மையம் என்றால் மலிவும் பாதுகாப்பும் சேர்ந்தே கிடைக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

"ஒழுங்காக நடக்கும்" என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? நான் முதலில் கேட்கச் சொல்வது ஒரே ஒரு கேள்வி: டாக்டர் ஆபரேஷன் செய்யும்போது மயக்கத்தில் இருக்கும் நாயைக் கவனிக்கும் ஆள் யார், ஆபரேஷன் முடிந்து அது எழுந்து உட்காரும் வரை பக்கத்தில் இருக்கப்போவது யார்? இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பிரிட்டனில் 2002 முதல் 2004 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான நாய்களில் மயக்க மருந்து தொடர்பான இறப்பு 2,000-க்கு 1 என்ற அளவில்தான் இருந்தது, ஆனால் நோயுள்ளவற்றையும் சேர்த்து இறந்த நாய்களில் கிட்டத்தட்ட பாதி, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த பிறகு இறந்தவை, அதிலும் பல முதல் மூன்று மணி நேரத்துக்குள். அதாவது எல்லாரும் "அப்பாடா" என்று அடுத்த நாயைக் கவனிக்கப் போய்விடும் நேரம்தான் அதிக ஆபத்தானது. எடை குறையக் குறைய அபாயம் கூடுகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. ஆகவே தையல் போட்ட கையோடு, நாய் தலையைக்கூடத் தூக்க முடியாமல் கிடக்கும்போதே "கூட்டிட்டுப் போங்க" என்று மடியில் வைக்கும் இடம் உங்களுக்கு வேண்டாம், கட்டணமே வாங்காவிட்டாலும் வேண்டாம்.

சின்ன நாய் என்பதால் தனியாகப் பார்க்க வேண்டியவை மூன்று. உடல் சூடு, ரத்தச் சர்க்கரை, எடை.

சூடுதான் முக்கியம். மூன்றரை கிலோ உடம்பில் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம், சூடு வேகமாக வெளியேறிவிடும். வயிற்று முடியைச் சிரைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, வயிற்றைத் திறந்து வைத்திருக்கும்போது இன்னும் வேகமாகப் போகும், மயக்கத்தில் நடுங்கி சூடேற்றிக்கொள்ளவும் முடியாது. உடம்பு குளிர்ந்தால் மருந்து கரைந்து வெளியேறுவது தாமதமாகி, கண் விழிப்பதும் தாமதமாகும். "மேஜையில் சூடு கொடுக்க என்ன வைத்திருக்கிறீர்கள், நடுவில் டெம்பரேச்சர் பார்ப்பீர்களா?" என்று தயங்காமல் கேளுங்கள்.

அடுத்தது சர்க்கரை. குட்டி நாயின் ஈரலில் சேமிப்பு குறைவு, நீண்ட நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். எல்லா நாய்க்கும் சொல்வதுபோல "முந்தின ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், "இவள் மூன்றரை கிலோ, ஆறு மாதக் குட்டி, எத்தனை மணி நேரம் போதும்?" என்று திருப்பிக் கேளுங்கள். பெரிய நாயைவிடக் குறைந்த நேரத்தைச் சொல்லி, காலையில் முதல் ஆளாக இவளை எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் டாக்டருக்கு விஷயம் தெரியும்.

எடையை அன்றைக்கே, கிராம் காட்டும் தராசில் பார்க்க வேண்டும். முப்பது கிலோ நாயில் 300 கிராம் தவறினால் பெரிதாக எதுவும் ஆகாது, மூன்றரை கிலோவில் அது கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு மருந்து.

இவை தவிர, மூச்சுக்குழாயில் டியூப் போட்டு ஆக்சிஜன் கொடுப்பார்களா, அவசரத்துக்கு மருந்து செலுத்த நரம்பில் ஊசி போட்டு வைப்பார்களா, பல்ஸ் ஆக்சிமீட்டர் மாட்டுவார்களா, ஒவ்வொரு நாய்க்கும் தனியாகக் கிருமிநீக்கம் செய்த கருவிகளா என்பதையும் கேட்டுவிடுங்கள். வலி மருந்தையும் விட்டுவிடாதீர்கள். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு ஊசி, வீட்டுக்கு வரும்போது சில நாளைக்கு மருந்து, இரண்டும் வேண்டும். "நாய்க்கு அவ்வளவு வலிக்காதுங்க" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். வயிற்றைக் கிழித்தால் நாய்க்கும் வலிக்கும்.

இனி காசு. மூன்று இடங்களிலும் எதற்கெல்லாம் சேர்த்து அந்தத் தொகை என்று எழுதி வாங்குங்கள். ரத்தப் பரிசோதனை, டிரிப், வலி மருந்து, கழுத்தில் மாட்டும் கூம்பு, தையல் பிரிப்பது, மறுபடி காட்டுவது எல்லாம் ஒரு இடத்தில் உள்ளே இருக்கும், இன்னொரு இடத்தில் ஒவ்வொன்றாக வெளியே வரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பல நேரம் வித்தியாசம் நீங்கள் நினைத்த அளவு இருக்காது. செலவைக் குறைக்க வேண்டுமென்றால், சின்னத் துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பியை விட்டுவிடலாம். காயம் சின்னது, வலி குறைவு என்பதெல்லாம் உண்மைதான், ஆனால் சாதாரண முறையும் நல்ல முறையே. ராத்திரி தங்கவைப்பதும், அங்கே ராத்திரி முழுக்க ஆள் விழித்திருக்காவிட்டால், வீண் செலவு. ஆள் இல்லாத கூண்டைவிட உங்கள் அறையே மேல். ரத்தப் பரிசோதனையில் மட்டும் கை வைக்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், அவள் நெஞ்சை டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு இதயத்தில் வழக்கத்துக்கு மாறான சத்தம் இல்லை என்று சொல்லி, தடுப்பூசிகளும் முடிந்திருந்தால், அமைப்பு நடத்தும் மையத்தில் மேலே சொன்ன கேள்விகளுக்குப் பதில் திருப்தியாக இருக்கிறதா என்று பார்த்து, அங்கேயே செய்வேன். ஆனால் இதயத்தில் அப்படிச் சத்தம் இருந்தாலோ, உற்சாகமானால் வாத்து கத்துவதுபோல வறட்டு இருமல் வந்தாலோ (பொமரேனியனில் மூச்சுக்குழாய் தளர்ந்து இப்படி ஆவது உண்டு), எடை ஏறாமல் சோர்ந்தே இருந்தாலோ, கூடுதல் செலவானாலும் வசதியுள்ள மருத்துவமனைதான். அதற்குக் காசு போதவில்லை என்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பாருங்கள். மாணவர்களும் கூட இருப்பார்கள், நேரம் கொஞ்சம் கூடலாம், ஆனால் பேராசிரியர்கள் மேற்பார்வையும் கருவிகளும் இருக்கும். ஒரே நாளில் கூடாரம் போட்டு முடித்துவிட்டுப் போகும் முகாம் என்றால், பிறகு பார்த்துக்கொள்ள ஆளும் அவசர நம்பரும் இருக்கிறதா என்று தெரியாமல் மூன்றரை கிலோ குட்டியைக் கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம், ஆறு மாதத்தில் சின்ன நாய்களுக்குப் பால் கோரைப்பல் விழாமல் நிற்பது சகஜம். அப்படி இருந்தால் இதே மயக்கத்தில் எடுத்துவிடச் சொல்லுங்கள், இன்னொரு தடவை மயக்கமும் செலவும் மிச்சம்.

கேள்வி: எங்கள் ஷிட்சூவுக்கு ஆபரேஷன் தேதி வாங்கியிருந்தோம், அதற்குள் ரத்தப்போக்கு தொடங்கிவிட்டது. இப்போதே செய்யலாமா? "ஒரு தடவை குட்டி போடட்டும், அதுதான் உடம்புக்கு நல்லது" என்று மாமியார் சொல்கிறார்.

பதில்: அவசரம் எதுவும் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். பருவத்தில் இருக்கும்போது கர்ப்பப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், ரத்தம் போகும் அபாயம் அதிகம். பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வது வழக்கம். அதுவரை ஆண் நாய் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரத்தம் நின்ற பிறகும் சில நாள் அவள் கருத்தரிக்கும் நிலையில்தான் இருப்பாள்.

குட்டி போடுவதால் உடம்புக்கு எந்த நன்மையும் இல்லை என்று மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். சின்ன நாய்களுக்குப் பிரசவம் சிக்கலாகி வயிற்றைத் திறக்க நேர்வது உண்டு, ஷிட்சூபோலத் தலை பெரிதாக உள்ள இனங்களில் இன்னும் அதிகம். கருத்தடையையும் ஒரேயடியாகத் தள்ளிப்போடாதீர்கள். பருவம் முடிந்த சில வாரங்களில் கர்ப்பப்பையில் சீழ் கட்டும் நோய் வரலாம், வயது ஏற ஏற வாய்ப்பு கூடும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, சாப்பிடாமல் படுத்தே கிடப்பது, வாந்தி, பிறப்புறுப்பில் சீழ் வடிவது என்று எதைப் பார்த்தாலும் அன்றைக்கே ஓடுங்கள். சில நாய்களுக்குச் சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும், அது இன்னும் மோசம். அந்த நிலையில் செய்யும் ஆபரேஷன் செலவிலும் ஆபத்திலும் பல மடங்கு.

ஷிட்சூவுக்கு மூக்கு சப்பை, மூச்சுவழி குறுகல். அதனால் எங்கே செய்தாலும் டியூபை நன்றாக விழித்த பிறகே எடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நேற்று ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். முனகுகிறாள். வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. மனிதர்களுக்கான ஐபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும், சின்ன உடம்பில் பாதி மாத்திரையே விஷமாகலாம். பாராசிட்டமாலும் டாக்டர் அளவு சொல்லாமல் வேண்டாம். செய்த இடத்துக்கு இப்போதே போன் செய்து, நாய்க்கான வலி மருந்து கேளுங்கள்.

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் நல்லது. வெளுத்திருந்தாலோ, வயிறு உப்பிக்கொண்டே வந்தாலோ, எழுந்து நிற்க முடியாமல் துவண்டாலோ உள்ளே ரத்தம் கசியலாம், போனில் பேசி நேரத்தைக் கழிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள். தையல் ஓரம் லேசாகச் சிவந்திருப்பது பரவாயில்லை, சீழ், நாற்றம், பிரிந்த தையல் என்றால் காட்ட வேண்டும். பத்துப் பதினான்கு நாள் சோபாவில் ஏறிக் குதிக்க விடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள், பாவமாகப் பார்க்கிறாளே என்று கூம்பைக் கழற்றாதீர்கள், நாலு நிமிடத்தில் தையலைக் கடித்துப் பிரித்துவிடுவாள்.